பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: பழைய வண்டியில் பாயிண்ட்டும் எலெக்ட்ரானிக்கும்

சித்திரை மாத மதியம் இரண்டு மணி. காட்பாடி ரயில்வே மேம்பாலத்து நெரிசலில் ஊர்ந்து வந்த பழைய இரும்பு இன்ஜின் புல்லட் ஒன்று, பாலம் இறங்கியதும் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடுகிறது. பெட்ரோல் இருக்கிறது, பிளக் காய்ந்திருக்கிறது, கிக்கரை எத்தனை முறை உதைத்தாலும் பேச்சுமூச்சு இல்லை. ஓரமாக நிழலில் தள்ளி நிறுத்தி, ஒரு மோர் குடித்துவிட்டு இருபது நிமிடம் கழித்து உதைத்தால் ஒன்றுமே நடக்காதது போல் ஓடுகிறது. மறுநாள் பட்டறையில் கிடைக்கிற தீர்ப்பு வேலூர், ஆற்காடு, ராணிப்பேட்டை எங்கே போனாலும் ஒன்றுதான்: "அந்தக் காலத்து பாயிண்ட்ட வெச்சிகினு ஏண்ணே அவஸ்தப்படறீங்க? கழட்டிட்டு எலெக்ட்ரானிக் போட்டா முடிஞ்சிது." போடுகிறார்கள். நோய் நிற்கிறது. பாயிண்ட் என்றாலே தொல்லை என்று இன்னொருவர் மனதில் பதிந்துவிடுகிறது.

பாயிண்ட் என்பது காயிலில் ஓடும் மின்சாரத்தைத் திறந்து மூடி பிளக்கில் பொறி வரவைக்கிற சின்ன ஸ்விட்ச். எலெக்ட்ரானிக் இக்னிஷன் அதே வேலையை உரசல் இல்லாமல் செய்வது. எனக்கு இந்தத் தீர்ப்பில் பாதிதான் உடன்பாடு. எலெக்ட்ரானிக் இக்னிஷன் மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. சில வண்டிகளுக்கு அதைத்தான் போட வேண்டும் என்று கீழே சொல்லத்தான் போகிறேன். ஆனால் மேலே சொன்ன புல்லட்டில் கெட்டுப்போனது பாயிண்ட் இல்லை. சூட்டில் செத்து, ஆறினால் உயிர்த்தெழுகிற குணம் பாயிண்ட்டுக்குக் கிடையாது. அது இரண்டு உலோகப் பொட்டுகள், ஒரு வில், கேம் என்கிற சுழலும் முகட்டின் மேல் உரசுகிற ஒரு குதிகால், அவ்வளவுதான். சூடானதும் செத்து ஆறியதும் எழுகிற சாமான் அதன் பக்கத்தில் சுண்டுவிரல் பருமனுக்கு உட்கார்ந்திருக்கிறது. எலெக்ட்ரானிக் மாற்றியபோது பாயிண்ட்டோடு சேர்ந்து கண்டென்சர் என்கிற அந்தச் சாமானும் வெளியே போனது. அதனால்தான் வண்டி சரியானது.

கண்டென்சர் செய்கிற வேலை

வாய்க்காலில் வேகமாக ஓடுகிற தண்ணீரைப் பலகை போட்டு ஒரே அடியாக அடைத்தால், பலகையைத் தாண்டிக் குதிக்கும். வோல்ட்டைப் பெருக்கித் தரும் காயிலின் பிரைமரியில் (முதல் சுருளில்) ஓடுகிற மின்சாரமும் அப்படித்தான். பாயிண்ட் திறக்கும் அந்தக் கணத்தில், இடைவெளி இன்னும் மயிரிழை அளவுகூட இல்லாதபோது, மின்சாரம் அதைத் தாண்டிப் பாய்ந்து பொறியாக எரியும். அந்த முதல் பாய்ச்சலை வாங்கிக்கொள்ளப் பக்கத்தில் ஒரு குழி வேண்டும். அதுதான் கண்டென்சர். அது வாங்கிக்கொள்கிற நேரத்தில் பாயிண்ட் போதுமான அளவு விலகிவிடும், காயிலின் காந்தப்புலம் சட்டென்று சரியும், பிரைமரியிலேயே சில நூறு வோல்ட் எழும், செகண்டரியில் (இரண்டாம் சுருளில்) அது பல ஆயிரமாகப் பெருகி பிளக்கில் வெடிக்கும். கண்டென்சர் வாங்கவில்லை என்றால் சக்தியெல்லாம் பாயிண்ட்டிலேயே எரிந்துபோகும். பிளக்குக்கு எச்சில்தான் மிஞ்சும்.

சாதாரணமாக இதன் அளவு 0.20 முதல் 0.25 மைக்ரோ ஃபாரட். உள்ளே மெல்லிய தகடும் காப்புத் தாளும் சுருட்டப்பட்டிருக்கும். சுருள் தளர்ந்தாலும், ஈரம் ஏறினாலும், உள்ளே முனையைத் தொடும் இடத்தில் பிடிப்பு விட்டாலும் சூட்டில் கசியத் தொடங்கும். நம் ஊர் வெயிலில், இன்ஜினை ஒட்டியே இருக்கிற இந்தச் சாமான், வண்டி ஓடும்போது படுகிற சூட்டைவிட நிறுத்திய பிறகு படுகிற சூடுதான் அதிகம். காற்று நின்றுவிடும், சிலிண்டரின் சூடு முழுவதும் அதன் மேல் இறங்கும். ஓடி வந்து டீக்கடையில் பத்து நிமிடம் நிறுத்திய வண்டி திரும்பக் கிளம்பாமல் அடம்பிடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் நல்லது என்றுதான் காட்டும். மீட்டர் கொடுப்பது ஒன்றிரண்டு வோல்ட். பழுது தெரிவதோ இருநூறு முந்நூறு வோல்ட்டில், அதுவும் சூட்டில். நம்பகமான சோதனை கண்ணால் பார்ப்பது. நோய் வந்த நேரத்திலேயே பாயிண்ட் மூடியைக் கழற்றி, சாவியைப் போட்டு, இன்ஜினை மெல்லச் சுழற்றிப் பாருங்கள். பாயிண்ட் திறக்கும்போது மிகச் சின்ன நீலப்புள்ளி தெரிந்தால் பரவாயில்லை. வெளிச்சமாக, மஞ்சள் கலந்து, சத்தம் கேட்கும்படி பொறி பறந்தால் கண்டென்சர் போய்விட்டது. பாயிண்ட் முகம் கருத்து, ஒரு பக்கம் குழியும் எதிர்ப்பக்கம் மேடுமாக ஆகியிருந்தால் அதுவும் அதன் கைவரிசையாகத்தான் இருக்கும்.

பெட்டி புதுசு, சரக்கு?

இந்த விவாதம் எனக்குள் பல வருடம் தீராமல் கிடந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் புல்லட்டும் ஜாவாவும் அம்பாசிடரும் இதே பாயிண்ட்டோடு, இதே வெயிலில், தினமும் ஓடின. ராணிப்பேட்டை ஆலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போனவர்கள் வாரக்கணக்கில் மூடியைத் திறக்காமல் ஓட்டினார்கள். இன்று அதே வண்டி, அதைவிடக் கவனமாகப் பார்த்துக்கொள்ளப்படுகிற வண்டி, ஏன் படுத்துகிறது?

வண்டி மாறவில்லை. அதற்குக் கிடைக்கிற உதிரிபாகம் மாறிவிட்டது என்பதுதான் விடை. பாயிண்ட் வண்டிகள் தயாரிப்பு நின்றபின் அந்தச் சாமான்களுக்கு மொத்தமாக வாங்க ஆளில்லை. இப்போது கடைகளில் கிடைப்பதில் பாதி எங்கே யார் செய்தது என்றே தெரியாத சரக்கு. குதிகால் மென்மையான பிளாஸ்டிக்கில் வருகிறது; சில நூறு கிலோமீட்டரில் தேய்ந்து இடைவெளி மூடிக்கொள்கிறது. கண்டென்சர் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டும்போதே கசிகிறது. புதுசு மாட்டியும் சரியாகவில்லை என்றதும் மெக்கானிக் அடுத்ததைச் சந்தேகப்படுகிறார். காயில் மாற்றுகிறார், பிளக் மாற்றுகிறார், கார்புரேட்டரைப் பிரிக்கிறார். புதுசாக மாட்டியதே பழுது என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இதற்கு ஒரு வைத்தியம் இருக்கிறது. என் கருத்தை உறுதியாக்கியதும் இதுதான். பழைய வடிவ கண்டென்சரைத் தேடி அலைவதை விட்டுவிட்டு, எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையில் பாலிபுரொப்பிலீன் பிலிம் கெபாசிட்டர் ஒன்று கேளுங்கள். அளவு 0.22 மைக்ரோ ஃபாரட். உடம்பில் 224 என்று அச்சிட்டிருக்கும். வோல்ட் 630 அல்லது அதற்கு மேல். 250 அல்லது 400 கொடுத்தால் வாங்காதீர்கள், பிரைமரியில் எழும் வோல்ட்டுக்கு அது தாங்காது. டீ, வடைக்கு ஆகிற காசுதான் ஆகும். இரண்டு கால்களிலும் பல இழை கொண்ட மெல்லிய வயரை ஈயம் வைத்துப் பற்ற வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஸ்லீவ் போடுங்கள். விரல் நீளத்துக்கு ஒரு பிவிசி குழாயை வெட்டி அதற்குள் இறக்கி எபாக்ஸி ஊற்றி மூடுங்கள். இந்த மூடும் வேலையை விட்டுவிடக் கூடாது. புல்லட்டின் அதிர்வில் கெபாசிட்டரின் கால்கள் ஒரு மாதத்தில் முறிந்துவிடும்.

மாட்டும் இடம் இன்ஜினை விட்டுத் தள்ளி, காயில் பக்கத்தில். காயிலிலிருந்து பாயிண்ட்டுக்குப் போகிற வயரின் முனையில் ஒரு கால். பெயிண்ட் சுரண்டிய வெற்று இரும்பில் போல்ட்டுக்கு அடியில் இன்னொரு கால். மின் கணக்குப்படி இது பாயிண்ட்டுக்குக் குறுக்கேதான் இருக்கிறது, இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது. பழைய கண்டென்சரைக் கட்டாயம் கழற்ற வேண்டும். "இருக்கட்டும், ரெண்டும் சேர்ந்து வேலை செய்யட்டும்" என்று விட்டால் பழையதன் கசிவு அப்படியே தொடரும். பழையது தோற்றத்துக்கு இருந்தாக வேண்டும் என்றால் அதன் வயரை மட்டும் துண்டித்துவிட்டு உடம்பை இடத்திலேயே விடலாம். பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

இதைச் செய்த பிறகும் தொல்லை தந்தால் அப்போது எலெக்ட்ரானிக் பற்றி யோசிக்கலாம். செய்யாமல் யோசிப்பது நோய் தெரியாமல் ஊசி போடுகிற கதை.

புல்லட்டில் பாயிண்ட் வைக்கும் முறை

பாயிண்ட்டின் மேல் விழுகிற மிச்சப் பழியில் பெரும்பகுதி அவசர வேலையால் வருவது. இரும்பு இன்ஜின் 350 புல்லட்டில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. ஃபீலர் கேஜ் இல்லாமல் பிளேடை வைத்து அளப்பதும், கண்மதிப்பில் வைப்பதும் இன்னமும் நடக்கிறது. கேம் பாயிண்ட்டை முழுவதுமாகத் திறந்து வைத்திருக்கும் நிலையில்தான் அளக்க வேண்டும். பழைய பாயிண்ட்டில் மேடும் குழியும் இருந்தால் கேஜ் மேட்டின் உச்சியைத்தான் தொடும். காட்டுகிற அளவைவிட உண்மை இடைவெளி கூடுதலாக இருக்கும். அப்படிப்பட்ட பாயிண்ட்டை முதலில் சின்ன அரத்தால் தட்டையாக்க வேண்டும். உப்புத்தாள் வேண்டாம். அதன் மணல் உலோகத்தில் பதிந்து நின்று மின்சாரத்தை மறிக்கும்.

புது பாயிண்ட் என்றால், துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய்ப் படலம் முகத்தில் இருக்கும். அதைத் துடைக்காமல் மாட்டிவிட்டு "புதுசுலயே ஸ்பார்க் வரல" என்று சொல்வது வாடிக்கை. பெட்ரோலில் துடைத்துவிட்டு, வழவழப்பில்லாத கெட்டி அட்டையை, கல்யாணப் பத்திரிகை கிழிசல் போதும், மூடிய பாயிண்ட்டுக்கு நடுவில் வைத்து இரண்டு மூன்று முறை இழுங்கள். அட்டையில் கருப்புக் கோடு விழுவது நிற்கும் வரை இழுக்கலாம். கேமுக்கு கிரீஸ், குடியாத்தம் தீக்குச்சியின் தலையளவு போதும். அதற்கு மேல் வைத்தால் சூட்டில் இளகித் தெறித்து பாயிண்ட் முகத்தில் ஒட்டி எரியும். வைக்காமல் விட்டால் குதிகால் தேயும், இடைவெளி குறையும், டைமிங் (பொறி விழும் நேரம்) பின்னால் போகும், வண்டி சூடாகி இழுவை குறையும்.

இடைவெளியை வைத்து முடித்த பிறகுதான் டைமிங். இந்த வரிசை மாறினால் இரண்டுமே கெடும், ஏனென்றால் இடைவெளி மாறும்போதெல்லாம் பாயிண்ட் திறக்கும் நேரமும் மாறுகிறது. அட்வான்ஸ் எடைகள் (வேகம் கூடக்கூட விரிந்து பொறியை முன்னதாக விழவைக்கும் சின்ன எடைக்கட்டிகள்) முழுதும் சுருங்கிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். சொல்ல எளிது. இந்த இன்ஜினின் ஸ்ட்ரோக் 90 மி.மீ. உச்சியை நெருங்கும்போது கிராங்க் எவ்வளவு சுற்றினாலும் பிஸ்டன் அசைவது மிகக் குறைவு. 0.8 மி.மீ. என்பது கிராங்க்கில் சுமார் 10 டிகிரி, 0.4 மி.மீ. என்றால் சுமார் 7 டிகிரி. பிளக் ஓட்டைக்குள் சைக்கிள் கம்பியை விட்டு நகத்தால் அடையாளம் வைத்துப் பார்க்கும் முறையில் அரை மி.மீ. தவறுவது சாதாரணம். அந்த அரை மி.மீ.தான் கிக்கர் திருப்பி அடிப்பதற்கும் சைலன்சர் சிவப்பதற்கும் காரணமாகிறது. டயல் கேஜ் வைத்திருப்பவரிடம் ஒரு முறை செய்துகொள்வது நல்லது.

அளவைக் குறித்தபின், டாப் கியரில் போட்டு, பிளக்கைக் கழற்றிவிட்டு, பின்சக்கரத்தை முன்னோக்கி மட்டும் உருட்டி அந்த இடத்துக்கு வர வேண்டும். தாண்டிவிட்டால் கால் சுற்று பின்னால் போய் மறுபடியும் முன்னோக்கி வர வேண்டும். பல்சக்கரங்களுக்கு நடுவில் இருக்கிற லூஸ் அப்போதுதான் ஒரே பக்கமாக எடுபடும். திறக்கும் கணத்தைக் கண்டுபிடிக்க புல்லட்டிலேயே ஒரு கருவி இருக்கிறது, ஆம்பியர் மீட்டர். விளக்குகளை அணைத்து சாவியைப் போடுங்கள். பாயிண்ட் மூடியிருக்கும் வரை முள் இடது பக்கம் சாய்ந்திருக்கும். திறந்த நொடியில் நடுவுக்கு வந்துவிடும். பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் பிடிப்பு போல்ட்டைத் தளர்த்தி, முள் நடுவுக்குத் துள்ளுகிற இடத்தில் நிறுத்தி இறுக்க வேண்டியதுதான். அந்த உடம்பில் 1 டிகிரி என்பது கிராங்க்கில் 2 டிகிரி. எனவே சுத்தியலால் தட்டிச் சரிசெய்யும் பழக்கம் வேண்டாம். இறுக்கிய பிறகு இன்னொரு முறை முள்ளைப் பாருங்கள், இறுக்கும்போது நகர்ந்திருக்கும்.

இதே வேலையில் கேமை விரலால் பிடித்துத் திருகி விட்டுப் பாருங்கள். வில் சுண்டி இழுத்துப் பழைய இடத்துக்கு வர வேண்டும். மெதுவாக வந்தாலோ நடுவில் நின்றாலோ அட்வான்ஸ் எடைகள் பழைய கிரீஸில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். டைமிங் எவ்வளவு துல்லியமாக வைத்தாலும் அந்த வண்டி என்றாவது கிக்கர் திருப்பி அடித்து உதைப்பவரின் காலை உடைக்கும். இதைக் கழற்றி பெட்ரோலில் கழுவி ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மாட்டாமல், மேலே எலெக்ட்ரானிக் மாட்யூலை மட்டும் உட்கார வைக்கிறவர்கள் நிறையப் பேர். அப்போதும் அதே உதைதான் விழும், ஏனென்றால் அந்த மாட்யூல்களில் பலவும் பழைய அட்வான்ஸ் அமைப்பின் மேல்தான் சவாரி செய்கின்றன.

இவ்வளவையும் ஒரு முறை ஒழுங்காகச் செய்துவிட்டால் புல்லட்டில் பாயிண்ட்டை மாற்ற எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. நான்கு ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டர், 4000 ஆர்.பி.எம்.மில் ஓடினாலும் நிமிடத்துக்கு 2000 முறைதான் பாயிண்ட் திறக்கிறது. அது பாயிண்ட்டுக்கு ஒரு சுமையே இல்லை. மூடி கையெட்டும் இடத்தில் இருக்கிறது, ஒரு ஸ்குரூ டிரைவரில் வேலை முடிகிறது. 6 வோல்ட்டில் ஓடும் பழைய புல்லட், ஜாவா, யெஸ்டி என்றால் யோசிக்கவே வேண்டாம். 12 வோல்ட்டுக்கென்று செய்த மாட்யூலுக்கு அங்கே உயிர் வராது, 6 வோல்ட்டுக்கென்று செய்தவை கிடைப்பதும் அரிது. ஜாவாவில் பாயிண்ட் வலப்பக்க மூடிக்குப் பின்னால் டைனமோவின் முகத்திலேயே இருக்கிறது. 0.4 மி.மீ. வைத்து மூடிவிட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும்.

எலெக்ட்ரானிக் ஜெயிக்கிற இடங்கள்

நான்கு சிலிண்டர் கார்களுக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் 4500 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது அந்த ஒரு ஜோடி பாயிண்ட் நிமிடத்துக்கு 9000 முறை திறந்து மூட வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட். நாற்பது ஐம்பது வருடம் ஓடியதில் அதைத் தாங்கும் புஷ் தேய்ந்து, உச்சியில் சுற்றும் ரோட்டரைப் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் ஆடும். ஒற்றை சிலிண்டரில் கேம் முகடு ஒன்றுதான். காரில் நான்கு முகடு. ஷாஃப்ட் ஆடினால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு இடைவெளி, ஒரு டைமிங். ஐடிலிங்கில் வண்டி கிடுகிடு என்று ஆடுவதும், எத்தனை முறை டியூனிங் செய்தாலும் ஒரு வாரத்தில் மாறிவிடுவதும் இதனால்தான். லூகாஸ் வகை நான்கு சிலிண்டர் டிஸ்ட்ரிபியூட்டரில் ட்வெல் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணம்) 60 டிகிரி, கூடக்குறைய 3. ட்வெல் 1 டிகிரி கூடினால் கிராங்க்கில் டைமிங் 1 டிகிரி பின்வாங்கும். மீட்டரில் ட்வெல் முள் நிலையாக நிற்காமல் அலைந்தால் ஷாஃப்ட் போய்விட்டது. பழைய மஹிந்திரா ஜீப்பின் பெட்ரோல் இன்ஜினுக்கும் இதே சோதனை பொருந்தும், இடைவெளி மட்டும் அங்கே 0.5 மி.மீ.

புது புஷ் கடைந்து போடுவதுதான் முறையான வேலை. போடுவதற்கு நல்ல லேத் கை அமையவில்லை என்றால், காந்த வளையமும் ஹால் சென்சாரும் கொண்ட மாட்யூல் பெரிய உபகாரம். அதற்கு உரசல் இல்லை, பக்கவாட்டு ஆட்டத்தையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். தினமும் வேலூருக்கும் ஆம்பூருக்கும் ஓடுகிற அம்பாசிடருக்கு நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

லாம்ப்ரெட்டா, பழைய பஜாஜ் 150, ராஜ்தூத் மாதிரி மேக்னட்டுக்குள் (கிராங்க்கோடு சுற்றும் காந்தச் சக்கரத்துக்குள்) பாயிண்ட் இருக்கும் வண்டிகளில் இன்னும் தெளிவு. ஸ்கூட்டரில் 0.35 முதல் 0.45 மி.மீ. இடைவெளியை மேக்னட்டின் ஜன்னல் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்து வைக்க வேண்டும். பாயிண்ட்டை மாற்ற புல்லர் போட்டு மேக்னட்டையே உருவ வேண்டும். கண்டென்சர் உள்ளே சூட்டில் வெந்துகொண்டிருக்கும். கேம் கிராங்க்கோடு சேர்ந்தே சுற்றுவதால் மெயின் பேரிங் தேய்ந்தால் இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் ஆடும். காந்தமும் வயதாகி வலுவிழந்திருக்கும். இங்கே ஸ்டேட்டர் பிளேட், மேக்னட், சி.டி.ஐ பெட்டி (கெபாசிட்டரிலிருந்து பொறி தரும் எலெக்ட்ரானிக் பெட்டி) மூன்றும் சேர்ந்து வருகிற செட்டைப் போட்டால் இவ்வளவும் ஒரே நாளில் தீரும். பேட்டரியும் தேவைப்படாது. ஒன்று மட்டும்: சி.டி.ஐ-யின் காயில் வேறு, பாயிண்ட் காயில் வேறு. பாயிண்ட் காயில் சக்தியைத் தனக்குள் சேமித்துக் கொடுக்கிறது. சி.டி.ஐ-யில் சேமிப்பது பெட்டிக்குள் இருக்கிற கெபாசிட்டர், காயில் அதைப் பெருக்க மட்டும்தான். செட்டோடு வந்த காயிலையே மாட்டுங்கள்.

"எலெக்ட்ரானிக் போட்டா பிக்கப் கூடும், மைலேஜ் கூடும்" என்பதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். பாயிண்ட் இடத்தில் மாட்யூல் மாட்டி அதே காயிலை வைத்தால், அதே மின்சாரம்தான் ஓடும், அதே பொறிதான் வரும். தேய்ந்த பாயிண்ட்டோடு புது மாட்யூலை ஒப்பிடுவதால் கூடியது போலத் தெரிகிறது. பிளக் இடைவெளியை அகலப்படுத்தச் சொல்கிறவர்கள் பேச்சையும் கேட்க வேண்டாம். காயில் மாறாமல் அதைச் செய்தால் இன்சுலேஷன்தான் அடிவாங்கும்.

மாட்யூல் சாகும் விதம்

மாட்யூலை வாங்கும் முன் காயிலின் பிரைமரி ஓம் அளவைப் பாருங்கள். இரண்டு வயரையும் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் அளந்து, மீட்டர் வயர்களை ஒன்றாகத் தொட்டால் காட்டும் அளவைக் கழித்துக்கொள்ள வேண்டும். 12 வோல்ட் சாதாரண காயிலில் 3 ஓம் சுமார் இருக்கும், மின்சாரம் 4 ஆம்பியர். பாலாஸ்ட் ரெசிஸ்டரோடு (மின்சாரத்தைக் குறைக்கக் காயிலுக்கு முன்னால் மாட்டுவது) வேலை செய்யும் காயிலில் 1.5 ஓம்தான் இருக்கும். 3 ஓமுக்குச் செய்த மாட்யூலை 1.5 ஓம் காயிலில் ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டினால் இரட்டிப்பு மின்சாரம் போய் சில நாளில் வெந்துவிடும். மாட்யூலின் சப்ளை வயரைப் பாலாஸ்ட்டுக்கு முன்னால் இருந்து எடுக்க வேண்டும், பின்னால் இருந்து எடுத்தால் வோல்ட் போதாது. எர்த் எது என்று பார்க்காமல் மாட்டுவது அடுத்த தவறு. பிரிட்டிஷ் வம்சத்து பழைய வண்டிகள் சில பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கும். நெகட்டிவ் எர்த் மாட்யூலை அதில் தொட்ட மாத்திரத்தில் போய்விடும்.

இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் போட்டு வைப்பது, பேட்டரி வயரைக் கழற்றாமல் சைலன்சர் பிராக்கெட்டுக்கு வெல்டிங் வைப்பது, பேட்டரி முனைகளைத் தலைகீழாக மாட்டுவது, இவையெல்லாம் பாயிண்ட் மன்னிக்கும், மாட்யூல் மன்னிக்காது. ரெசிஸ்டர் இல்லாத பிளக் கேப் இருந்தால் 5 கிலோ ஓம் கேப் ஒன்று மாட்டிவிடுங்கள்; இல்லாவிட்டால் பிளக் வயரிலிருந்து கிளம்பும் இரைச்சல் சில மாட்யூல்களைக் குழப்பும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பேஸ் பிளேட்டிலிருந்து உடம்புக்குப் போகிற ஒரு சின்ன எர்த் வயர் உண்டு. துணி சுற்றிய, சுண்டு விரல் நீள வயர். இன்ஜினின் உறிஞ்சலில் டைமிங்கை நகர்த்தும் வேக்கம் அட்வான்ஸ் பிளேட்டை இழுக்கும்போதெல்லாம் மடங்கி மடங்கி உள்ளே இழைகள் அறுந்திருக்கும், வெளியே துணி மட்டும் முழுசாகத் தெரியும். பாயிண்ட்டோ மாட்யூலோ, இது போனால் இரண்டுமே தடுமாறும். கண்டுபிடிக்க ஒரே வழி: சாவி போட்டு, பாயிண்ட் மூடிய நிலையில், மீட்டரின் ஒரு முனையைக் காயிலிலிருந்து வரும் பாயிண்ட் முனையிலும் மறுமுனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் வையுங்கள். கால் வோல்ட்டுக்குக் கீழே காட்ட வேண்டும். அதற்கு மேல் காட்டினால் பாயிண்ட் முகம், அந்தச் சின்ன வயர், இன்ஜின் எர்த் பட்டை மூன்றில் ஒன்று கோளாறு. பாயிண்ட்டைத் தூக்கி எறிவதற்கு முன் இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ரோட்டரையும் அப்படியே: காயிலிலிருந்து வரும் நடு வயரை ரோட்டரின் பித்தளைக்கு மேல் 3 மி.மீ. உயரத்தில் பிடித்து ஸ்பார்க் விடுங்கள். குதித்தால் ரோட்டர் ஷாஃப்ட்டுக்குக் கசிகிறது, மாற்ற வேண்டும்.

ஏலகிரி ஏறுகிற வழியில், 14 கொண்டை ஊசி வளைவில் ஏதோ ஒன்றில் நின்றுவிட்டால் என்ன என்பதுதான் நான் கடைசியாக எடை போடுவது. பாயிண்ட் சொல்லிவிட்டுச் சாகும். ஒரு வாரம் முன்பே ஸ்டார்ட்டிங் சுணங்கும், மிஸ்ஸிங் கொடுக்கும், பின்னால் பட்டாசு வெடிக்கும். நின்றாலும் அட்டைத் துண்டும் ஸ்குரூ டிரைவரும் வீடு சேர்க்கும். மாட்யூல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒரு வார்த்தை பேசாது, சாகும்போது சொல்லாமல் சாகும். மலையடிவாரத்துப் பொன்னேரி வரைக்கும் தள்ளிக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.

அதனால் காரில் மாட்யூல் போடுகிறவர்கள் கழற்றியதைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பேஸ் பிளேட்டை அப்படியே முழுசாக வைத்து, அதில் புது பாயிண்ட்டும் கண்டென்சரும் மாட்டி, டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு முறை உட்கார வைத்து இடைவெளியைச் சரிபார்த்து, பிறகு கழற்றி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு டிக்கியில் வையுங்கள். வழியில் மாட்யூல் போனால் இரண்டு ஸ்குரூ, இரண்டு வயர், கால் மணி நேரம். 50 வருடம் தாண்டிய வண்டியை 2021-இல் வந்த மத்திய விதிப்படி விண்டேஜ் என்று பதிவு செய்ய நினைக்கிறவர்களுக்கும் பழைய பாகங்கள் கையில் இருப்பது நல்லது. புல்லட்காரர்கள் டூல் பாக்ஸில் வைக்க வேண்டியது அதைவிடக் குறைவு: முகம் துடைத்த ஒரு பாயிண்ட் செட், எபாக்ஸி ஊற்றிய இன்னொரு 224, ஃபீலர் கேஜில் 0.35, 0.40 என்ற இரண்டு இதழ்கள், ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர். எல்லாவற்றையும் பழைய சைக்கிள் டியூப் துண்டில் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டால் வாட்டர் வாஷ் தண்ணீரும் இறங்காது.